தண்ணீர்ப் பாம்பு

தண்ணீர்ப் பாம்பு அல்லது நீர்ச்சாரை என்பது தெற்காசியாவின் நன்னீர் நிலைகளில் பரவலாகக் காணப்படும் நஞ்சற்ற பாம்பு இனமாகும். இதன் அறிவியற் பெயர் ஃபௌலியா பிஸ்கேட்டர். ஏரி, குளம், வாய்க்கால், கிணறு, நெல்வயல் ஆகிய இடங்களில் வாழும் இப்பாம்பு மீன்களையும் தவளைகளையும் முதன்மை உணவாகக் கொள்கின்றது. வட அமெரிக்காவில் தோட்டங்களிலும் நீர்க்கரைகளிலும் மிகுதியாக வாழும் கார்ட்டர் பாம்புகளும் இதுவும் ஒரே துணைக்குடும்பத்தைச் சேர்ந்தவை.

தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் மனிதர் குடியிருப்புகளுக்கு மிக அருகில் வாழும் பாம்புகளுள் இதுவும் ஒன்று. அச்சுறுத்தப்படும்போது தலையை உயர்த்திக் கழுத்தைத் தட்டையாக்கும் இயல்பு இதற்கு உண்டு. இதனால் நாகப்பாம்பு எனத் தவறாகக் கருதப்பட்டு அடித்துக் கொல்லப்படுகின்றது.

பெயர்

தமிழில் தண்ணீர்ப் பாம்பு, நீர்ப்பாம்பு, நீர்ச்சாரை ஆகிய பெயர்கள் வழங்குகின்றன. பேச்சு வழக்கில் தண்ணிப் பாம்பு என்பர். இப்பெயர்கள் நீரில் வாழும் வேறு சில பாம்புகளுக்கும் பொதுவாக வழங்கப்படுவதால், பெயரை மட்டும் கொண்டு இனத்தை உறுதி செய்ய இயலாது. புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த, மலையாளம் பேசப்படும் மாஹேயில் இது நீர்க்கோலி எனப்படுகின்றது.

பிஸ்கேட்டர் என்னும் இனப்பெயர், மீன் பிடிப்பவர் எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லாகும்.

வகைப்பாடு

இப்பாம்பைப் பற்றிய அறிவியல் பதிவு சோழமண்டலக் கடற்கரையோடு தொடர்புடையது. பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பெனியில் பணியாற்றிய மருத்துவரும் இயற்கையியலாளருமான பேட்ரிக் ரசல், அக்கடற்கரையில் திரட்டிய பாம்புகளை விவரித்து 1796 ஆம் ஆண்டில் வண்ணப்படங்களுடன் ஒரு நூலை வெளியிட்டார். கண்ணாடி விரியனின் ஆங்கிலப் பெயர் இவரது நினைவாகவே அமைந்தது. ரசலின் நூலிலிருந்த படத்தையும் விவரிப்பையும் அடிப்படையாகக் கொண்டு, செருமானிய அறிஞர் யோகான் காட்லோப் சினைடர் 1799 ஆம் ஆண்டில் இவ்வினத்திற்கு அறிவியற் பெயர் சூட்டினார்.

அவர் இதனை வைத்த பேரினம் ஐட்ரசு ஆகும். பின்னர் இது திரோப்பிடோனோட்டசு, நாட்ரிக்சு, செனோக்ரோஃபிசு ஆகிய பேரினங்களில் அடுத்தடுத்து வைக்கப்பட்டது. இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் வெளிவந்த நூல்களில் செனோக்ரோஃபிசு பிஸ்கேட்டர் என்ற பெயரே மிகுதியாகக் காணப்படுகின்றது. 1868 ஆம் ஆண்டில் தியோபால்டு உருவாக்கி, நெடுங்காலம் வழக்கில் இல்லாதிருந்த ஃபௌலியா என்ற பேரினப் பெயர் 2018 ஆம் ஆண்டில் மீண்டும் பயன்பாட்டிற்கு வந்தது.

நாட்ரிசினே துணைக்குடும்பத்தின் பாம்புகள் ஆசியா, ஐரோப்பா, ஆப்பிரிக்கா, வட அமெரிக்கா ஆகிய கண்டங்களில் பரவியுள்ளன. ஐரோப்பாவின் புல் பாம்பும் இதனுள் அடங்கும். இத்துணைக்குடும்பத்தின் எல்லாப் பாம்புகளும் தீங்கற்றவை அல்ல. சப்பானில் வாழும் ராப்டோஃபிசு பேரினப் பாம்பு ஒன்றின் கடியால் மனித இறப்புகள் நேர்ந்துள்ளன.

உடலமைப்பு

தண்ணீர்ப் பாம்பு நடுத்தர அளவும் பருத்த உடலும் கொண்டது. வளர்ந்த பாம்புகள் பெரும்பாலும் 60 செ.மீ. முதல் 100 செ.மீ. வரை நீளமுடையவை. 175 செ.மீ. வரை வளர்வதாகவும் பதிவுகள் உள்ளன. பெண் பாம்பு ஆண் பாம்பைவிடப் பெரியது.

உடலின் மேற்புறம் மஞ்சள் கலந்த பழுப்பு, இளம்பச்சை, சாம்பல் எனப் பல நிறங்களில் இருக்கும். அதன்மேல் கறுப்புப் புள்ளிகள் சதுரங்கக் கட்டங்கள் போல வரிசை மாறி அமைந்திருக்கும். இளம் பாம்புகளில் இக்கட்டங்கள் தெளிவாகவும், முதிர்ந்தவற்றில் மங்கியும் காணப்படலாம். வயிற்றுப்புறம் வெண்மையாகவோ இளமஞ்சளாகவோ பளபளப்புடன் இருக்கும்.

கண்ணின் கீழிருந்து ஒன்றும், கண்ணின் பின்னிருந்து ஒன்றுமாக இரு கறுப்புக் கோடுகள் உதட்டை நோக்கிச் சாய்வாகச் செல்கின்றன. இனத்தை அடையாளம் காண இவை பெரிதும் உதவுகின்றன. கண்கள் பெரியவை, கண்மணி வட்டமானது. மூக்குத்துளைகள் சற்று மேல்நோக்கி அமைந்துள்ளன. இதனால் தலையின் மேற்பகுதியை மட்டும் நீருக்கு மேலே வைத்துக்கொண்டு மூச்சு விட முடிகின்றது.

முதுகுச் செதில்கள் உடலின் நடுவில் 19 வரிசைகளில் அமைந்துள்ளன. அவற்றுள் பெரும்பாலானவற்றின் நடுவில் சிறு மேடு ஓடுவதால் உடல் தொடுவதற்குச் சொரசொரப்பாக இருக்கும். மேலுதட்டுச் செதில்கள் பொதுவாக 9. அவற்றுள் நான்காவதும் ஐந்தாவதும் கண்ணைத் தொடுகின்றன.

பரம்பலும் வாழிடமும்

பாக்கித்தான், இந்தியா, நேபாளம், வங்காளதேசம், மியான்மர் ஆகிய நாடுகளில் இது காணப்படுகின்றது. முன்னர் இவ்வினத்தில் அடக்கப்பட்டிருந்த தென்கிழக்கு ஆசியப் பாம்புகள் சில, பிற்கால ஆய்வுகளில் தனி இனங்களாகப் பிரிக்கப்பட்டன. இலங்கையில் இதற்கு மிக நெருங்கிய ஃபௌலியா அஸ்பெரிமசு என்னும் இனம் வாழ்கின்றது. அது அத்தீவிற்கே உரியது.

தேங்கிய நீரும் மெதுவாக ஓடும் நீரும் இதற்கு ஏற்றவை. கலங்கல் நீரிலும் நகரத்து வாய்க்கால்களிலும் இது வாழ வல்லது. கரையோரப் புல், கற்களின் இடுக்கு, நண்டு வளை, எலி வளை, வேர்களுக்கு இடையிலான வெடிப்பு ஆகியவற்றில் ஒளிந்துகொள்ளும். பகலிலும் இரவிலும் இயங்கும்.

புதுச்சேரியில்

புதுச்சேரி நகரம் வங்காள விரிகுடாக் கரையில் தாழ்வான நிலத்தில் அமைந்துள்ளது. புதுச்சேரி வட்டாரத்தில் 84 ஏரிகள் கணக்கிடப்பட்டுள்ளன. நகரின் மேற்கே தமிழ்நாட்டு எல்லையில், ஏறத்தாழ 800 எக்டேர் பரப்புள்ள ஊசுட்டேரி இவற்றுள் பெரியது. தெற்கே உள்ள பாகூர் ஏரி அதற்கு அடுத்தது. நகரை ஒட்டி வேல்ராம்பட்டு ஏரியும் கனகன் ஏரியும் உள்ளன. சங்கராபரணி, தென்பெண்ணை ஆகிய ஆறுகளும், ஏரிகளுக்கு நீர் கொண்டுவரும் வாய்க்கால்களும், ஏரிப் பாசன நெல்வயல்களும் தண்ணீர்ப் பாம்புக்கு ஏற்ற வாழிடங்கள் ஆகும்.

நகரத்தின் உள்ளே பெரிய வாய்க்காலும் உப்பனாறு வாய்க்காலும் ஓடுகின்றன. முற்காலத்தில் பெரிய வாய்க்கால் பிரெஞ்சுக்காரர் வாழ்ந்த கிழக்குப் பகுதியையும் தமிழர் வாழ்ந்த மேற்குப் பகுதியையும் பிரிக்கும் எல்லையாக இருந்தது. மழைநீரும் கழிவுநீரும் கலந்து செல்லும் இத்தகைய வாய்க்கால்களில் தவளைகளும் சிறு மீன்களும் எலிகளும் இருப்பதால், அவற்றைத் தேடித் தண்ணீர்ப் பாம்புகளும் வருகின்றன.

பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில் ஏரிகளைப் பேணவும் நீரைப் பங்கிடவும் உழவர்களின் சங்கங்கள் இயங்கின. 1954 ஆம் ஆண்டில் புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்த பிறகு, ஆழ்துளைக் கிணற்றுப் பாசனம் பெருகியதால் ஏரிகளின் பேணுகை குறைந்தது. 1999 ஆம் ஆண்டில் ஐரோப்பிய ஒன்றியத்தின் உதவியுடன் ஏரிகளைப் புதுப்பிக்கும் திட்டம் தொடங்கப்பட்டது. ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008 ஆம் ஆண்டில் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டது. பறவைகளுக்காக ஏற்பட்ட இக்காப்பு, அவ்வேரியின் மீன், தவளை, பாம்பு ஆகியவற்றுக்கும் பயன்படுகின்றது.

புதுச்சேரியின் மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் திசம்பர் வரை வீசும் வடகிழக்குப் பருவக்காற்றினால் கிடைக்கின்றது. அப்பருவத்தில் வாய்க்கால்கள் நிரம்பி வழியும்போது பாம்புகள் மேடான இடம் தேடித் தெருக்களுக்கும் வீடுகளுக்கும் வருகின்றன. 2024 ஆம் ஆண்டு நவம்பர் 30 அன்று ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தபோது, நகரில் 24 மணி நேரத்தில் 45 செ.மீ.க்கும் மிகுந்த மழை பெய்து தாழ்வான பகுதிகள் நீரில் மூழ்கின. இத்தகைய வெள்ளங்களில் தண்ணீர்ப் பாம்புடன் நாகப்பாம்பு, கட்டுவிரியன் போன்ற நச்சுப்பாம்புகளும் தம் வளைகளை விட்டு வெளியேறும். ஆகவே நீரில் வந்த பாம்பெல்லாம் தண்ணீர்ப் பாம்பு எனக் கொள்வது தவறாகும்.

உணவு

மீன், தவளை, தலைப்பிரட்டை ஆகியவை முதன்மை உணவாகும். வளர்ந்த பாம்புகள் சிலவேளைகளில் எலிகளையும் சிறு பறவைகளையும் உண்ணும். இரையைச் சுற்றி நெரிக்கும் வழக்கம் இதற்கு இல்லை. பின்னோக்கி வளைந்த கூரிய பற்களால் இரையைப் பற்றி உயிருடனேயே விழுங்கிவிடும். வழுக்கும் மீனைப் பிடித்து வைத்துக்கொள்ள இப்பற்கள் உதவுகின்றன.

தண்ணீர்ப் பாம்பின் வாழ்வு தவளைகளின் எண்ணிக்கையையும் பொறுத்தது. இந்தியாவிலிருந்து தவளைக் கால்கள் வெளிநாடுகளுக்குப் பெருமளவில் ஏற்றுமதியாகி வந்தன. வயல்களில் தவளைகள் குறைந்ததால் எழுந்த எதிர்ப்பைத் தொடர்ந்து 1987 ஆம் ஆண்டில் அவ்வேற்றுமதி தடை செய்யப்பட்டது.

கொக்கு, நாரை, செம்பருந்து, கழுகு வகைகள், கீரி ஆகியவை இப்பாம்பை உண்கின்றன. நாகப்பாம்பும் கட்டுவிரியனும் பிற பாம்புகளை உண்பவை. தண்ணீர்ப் பாம்பும் அவற்றுக்கு இரையாகின்றது.

இனப்பெருக்கம்

தண்ணீர்ப் பாம்பு முட்டையிடும் இனமாகும். ஒரு முறையில் பொதுவாக 30 முதல் 70 வரை முட்டைகள் இடும். 4 முட்டைகள் மட்டும் இட்டதற்கும், 100 முட்டைகள் வரை இட்டதற்கும் பதிவுகள் உள்ளன. கரையோர வளைகளிலும் மட்கிய தழைகளுக்கு அடியிலும் முட்டைகள் இடப்படுகின்றன. முட்டைகள் பொரியும் வரை பெண் பாம்பு அவற்றுடன் தங்கிக் காவல் காப்பது அறியப்பட்டுள்ளது. பொரித்து வெளிவரும் குட்டி ஏறத்தாழ 11 செ.மீ. நீளம் இருக்கும். அது அப்போதே தனித்து இரை தேட வல்லது.

கார்ட்டர் பாம்புகள் இவ்வகையில் வேறுபடுகின்றன. அவை முட்டையிடாமல் குட்டிகளை ஈனுகின்றன. கனடாவின் மனிடோபா மாநிலத்தில் அவை குளிர்காலம் முழுவதும் நிலத்தடிப் பொந்துகளில் பல்லாயிரக்கணக்கில் கூடி உறங்கி, இளவேனிலில் ஒருசேர வெளிவருகின்றன. புதுச்சேரியின் வெப்பநிலையில் தண்ணீர்ப் பாம்புக்கு அத்தகைய குளிர்கால உறக்கம் தேவைப்படுவதில்லை. இதன் நடமாட்டத்தை நீரின் இருப்பே பெரிதும் முடிவு செய்கின்றது. கோடையில் குளம் வற்றினால் எஞ்சிய நீரை நாடிச் செல்லும். அல்லது ஈரமான வளைகளில் தங்கும்.

தற்காப்பு

இடையூறு நேர்ந்தால் இப்பாம்பு முதலில் நீருக்குள் மூழ்கித் தப்ப முயலும். தப்ப வழியில்லாதபோது தலையை உயர்த்தி, கழுத்தைத் தட்டையாக விரித்து, சீறியபடி மீண்டும் மீண்டும் பாய்ந்து கடிக்கும். நச்சுப்பாம்பு போன்ற இத்தோற்றம் எதிரி விலங்குகளை விலக்கலாம். மனிதரிடத்திலோ இது எதிர்மாறான விளைவைத் தருகின்றது. தப்பிக்க எடுக்கும் கோலமே நாகம் என்ற அச்சத்தை எழுப்பி அதன் உயிருக்குக் கேடாகின்றது.

வாலைப் பிடித்தால் உடலை முறுக்கி வாலை முறித்துக்கொண்டு தப்புவதும் உண்டு. பல்லியின் வாலைப் போல இது மீண்டும் வளராது.

நாகப்பாம்பிலிருந்து வேறுபாடுகள்

பாம்பைத் தொடாமலும் நெருங்காமலும், தொலைவிலிருந்து காணக்கூடிய வேறுபாடுகள் பின்வருமாறு:

- நாகப்பாம்பின் படம் நீண்ட கழுத்து விலா எலும்புகளால் விரிக்கப்படுவதால் அகலமானது. தண்ணீர்ப் பாம்பின் கழுத்து சிறிதளவே அகலும்.
- நாகப்பாம்பு உடலின் முற்பகுதியை நேராக உயர்த்தி நிலையாக நிற்கும். தண்ணீர்ப் பாம்பு தலையையும் கழுத்தையும் மட்டும் சற்று உயர்த்தும்.
- நாகப்பாம்பின் படத்தின் பின்புறத்தில் பெரும்பாலும் மூக்குக்கண்ணாடி வடிவக் குறி இருக்கும். சிலவற்றில் இக்குறி இருப்பதில்லை. தண்ணீர்ப் பாம்பில் இது ஒருபோதும் இராது.
- தண்ணீர்ப் பாம்பின் கண்ணிலிருந்து இரு சாய்வான கறுப்புக் கோடுகள் செல்லும்; உடலில் சதுரங்கக் கட்டங்கள் இருக்கும்.
- நாகப்பாம்பின் செதில்கள் வழவழப்பானவை. தண்ணீர்ப் பாம்பின் செதில்கள் மேடுடையவை. உடல் காய்ந்திருக்கும்போது மங்கலாகத் தோன்றும்.

நீரில் இருப்பது மட்டுமே நஞ்சின்மைக்குச் சான்றாகாது. நாகப்பாம்பும் நன்றாக நீந்தும். புதுச்சேரிக் கடற்கரையில் மீன்வலைகளில் சிக்கி வரும் கடற்பாம்புகள் கடும் நஞ்சுடையவை. துடுப்பைப் போலத் தட்டையான வாலைக் கொண்டு அவற்றை அறியலாம். தண்ணீர்ப் பாம்பின் வால் உருண்டு கூம்பியிருக்கும்.

கடியும் மருத்துவமும்

தண்ணீர்ப் பாம்பின் கடியால் மனித உயிருக்கு ஆபத்து இல்லை. பற்கள் கூரியவையாதலால் சிறு காயங்கள் பல உண்டாகி இரத்தம் வழியலாம். காயத்தைச் சோப்பும் நீரும் கொண்டு கழுவி, இரணசன்னித் தடுப்பூசி பற்றி மருத்துவரிடம் கேட்பது போதுமானது.

இருப்பினும் கடித்த பாம்பு எது என்பது உறுதியாகத் தெரியாதபோது, அது நச்சுப்பாம்பு என்றே கொண்டு மருத்துவமனைக்குச் செல்லவேண்டும். 2000 முதல் 2019 வரையிலான காலத்தில் இந்தியாவில் பாம்புக்கடியால் ஆண்டுதோறும் சராசரியாக 58,000 பேர் இறந்ததாக 2020 ஆம் ஆண்டில் வெளிவந்த ஆய்வு ஒன்று மதிப்பிட்டது. நாகப்பாம்பு, கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்கும் நாட்டில் நேரும் நச்சுக்கடிகளுள் பெரும்பாலானவற்றுக்குக் காரணமானவை. கட்டுவிரியனின் கடி வலியின்றியும் தடமின்றியும் இருக்கக்கூடும். எனவே வலி இல்லாமையைக் கொண்டு தண்ணீர்ப் பாம்பு எனத் தீர்மானித்துக் காத்திருப்பது உயிரிழப்பில் முடியலாம்.

கடிபட்ட உறுப்பை அசைக்காமல் வைத்தல், மோதிரம், கொலுசு முதலியவற்றைக் கழற்றுதல், விரைந்து மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுதல் ஆகியவையே முதலுதவி. இறுக்கிக் கட்டுதல், கீறுதல், வாயால் உறிஞ்சுதல் ஆகியவை தீங்கானவை. பாம்பைப் பிடிக்கவோ அடித்து எடுத்துச் செல்லவோ முயல்வதால் இரண்டாவது கடி நேரலாம். புதுச்சேரியிலுள்ள சவகர்லால் பட்டமேற்படிப்பு மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி நிறுவனமாகிய ஜிப்மர், சுற்றியுள்ள தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்தும் பாம்புக்கடி நோயாளிகள் வரும் பெரிய மருத்துவமனையாகும்.

இலக்கியத்திலும் வழக்கிலும்

ஔவையார் இயற்றிய மூதுரையில் இப்பாம்பு ஓர் உவமையாக இடம்பெறுகின்றது. தன்னிடம் நஞ்சு இருப்பதை அறிந்த நாகம் மறைந்து வாழ்கின்றது. நஞ்சில்லாத நீர்ப்பாம்பு அச்சமின்றி வெளியே கிடக்கின்றது. அதுபோல, நெஞ்சில் வஞ்சமுடையோர் தம்மை மறைத்துக்கொள்வர். வஞ்சமற்றோர் மறைப்பதில்லை என்பது அப்பாடலின் கருத்து. நீர்ப்பாம்பு நஞ்சற்றது என்பதும், பகலில் கரையோரங்களில் வெளிப்படையாகக் காணப்படுவது என்பதும் அக்காலத் தமிழர் அறிந்திருந்தவை என்பது இதனால் விளங்கும்.

நீர்க்கோலி கடித்தாலும் இரவு உணவு தடைப்படும் என்ற பொருளில் மலையாளத்தில் ஒரு பழமொழி வழங்குகின்றது. எளியவராலும் சிறு இடையூறு நேரக்கூடும் என்பது அதன் பொருள். அப்பழமொழியிலும் இப்பாம்பின் கடி உயிருக்கு ஆபத்தானதாகக் கருதப்படவில்லை.

அச்சுறுத்தல்களும் காப்பும்

இருபதாம் நூற்றாண்டில் தோலுக்காக இந்தியாவில் பாம்புகள் பெருமளவில் கொல்லப்பட்டன. தண்ணீர்ப் பாம்பும் இவ்வணிகத்திற்கு உள்ளானது. தமிழ்நாட்டின் இருளர் மக்கள் பாம்பு பிடித்துத் தோல் வணிகர்களிடம் விற்று வாழ்ந்தனர். வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் 1972 ஆம் ஆண்டில் இயற்றப்பட்டது. பாம்புத்தோல் ஏற்றுமதி 1976 ஆம் ஆண்டில் தடை செய்யப்பட்டது. இதனால் வாழ்வாதாரம் இழந்த இருளர்களுக்காக 1978 ஆம் ஆண்டில் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தொடங்கப்பட்டது. சென்னைக்குத் தெற்கே வடநெம்மேலியில் இயங்கும் அச்சங்கம், நச்சுமுறி மருந்து தயாரிப்பதற்கான நஞ்சை வழங்கி வருகின்றது.

தண்ணீர்ப் பாம்பு மேற்கண்ட சட்டத்தின் கீழ் காக்கப்படும் இனமாகும். இதனைக் கொல்வதும் பிடித்து வைத்திருப்பதும் குற்றமாகும். பன்னாட்டு வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சைட்டீசு உடன்படிக்கையின் மூன்றாம் இணைப்பில் இந்தியாவின் வேண்டுகோளின்படி இது சேர்க்கப்பட்டுள்ளது. பன்னாட்டு இயற்கைக் காப்பு ஒன்றியம் இதனைத் தீவாய்ப்புக் குறைந்த இனமாக வகைப்படுத்தியுள்ளது.

இவ்வகைப்பாடு இனம் முழுமைக்கும் உரியது. ஒரு குளம் தூர்க்கப்பட்டால் அங்கு வாழ்ந்த பாம்புகளும் இல்லாமற் போகும். நீர்நிலைகளின் மேல் கட்டடம் எழுப்புதல், வாய்க்கால் கரைகளைக் கான்கிரீட்டால் மூடுதல், பூச்சிக்கொல்லிகள் நீரில் கலத்தல், கைவிடப்பட்ட வலைகளில் சிக்குதல், சாலைகளில் வாகனங்களில் அடிபடுதல் ஆகியவை இன்றைய அச்சுறுத்தல்கள். கான்கிரீட்டுக் கரையில் முட்டையிட வளைகள் இல்லை. வெள்ளத்தில் ஒதுங்க இடுக்குகளும் இல்லை. கரையில் ஒதுங்க இடம் இல்லாத பாம்பு அருகிலுள்ள வீடுகளுக்குள் நுழைவது இதனால் கூடுகின்றது.

வீட்டினுள் பாம்பு காணப்பட்டால், குழந்தைகளையும் வளர்ப்பு விலங்குகளையும் விலக்கி, தொலைவிலிருந்து அதனைக் கவனித்தபடி வனத்துறைக்கோ பயிற்சி பெற்ற பாம்பு மீட்பவர்களுக்கோ தெரிவிப்பது உகந்தது. திறந்த வெளியில் காணப்படும் தண்ணீர்ப் பாம்பு, வழி விட்டால் தானாகவே நீருக்குத் திரும்பிவிடும்.